ஸ்பானிய மொழியில் ஒருவரை ஆட அழைப்பதும், ‘வேண்டும்’ என்று சொல்வதும்

நீலாங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிய மொழியின் தொடக்கநிலைப் பாடங்களை முடித்துவிட்டு, இப்போது விருப்பத்தைத் தெரிவிக்கும் வினைச்சொற்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடனக் கூடத்தில் இருவர் பேசிக்கொள்வதுபோல ஓர் உரையாடலை எழுதும்படி பாடத்தில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மற்றவரை ஆட அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் இசையவோ மறுக்கவோ வேண்டும்.

‘எனக்கு உங்களோடு ஆட வேண்டும்’ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத முனைந்தால், ‘எனக்கு’ என்பதற்கு ‘மே’ என்றும், ‘வேண்டும்’ என்பதற்கு ‘கியேரோ’ என்றும், ‘ஆட’ என்பதற்கு ‘பைலார்’ என்றும் வரிசையாக வந்து விழுகிறது. ஆனால் பாடத்தில் எங்கும் ‘மே கியேரோ பைலார்’ என்று காணப்படவில்லை. ‘கியேரோ பைலார்’ என்றே இருக்கிறது. அதே பாடத்தின் அடுத்த பக்கத்தில் ‘எனக்கு ஆடப் பிடிக்கும்’ என்பதற்கு ‘மே குஸ்தா பைலார்’ என்று ‘மே’ தவறாமல் நிற்கிறது. ஓரிடத்தில் வேண்டாத ‘எனக்கு’ மற்றோரிடத்தில் ஏன் வேண்டியிருக்கிறது என்பது முதல் ஐயம்.

இரண்டாவதாக, ஆட அழைப்பதற்கு ‘கியேரெஸ் பைலார்?’, ‘பைலாமோஸ்?’, ‘தே குஸ்தரீயா பைலார்?’, ‘மே கொன்சேதே எஸ்தே பைலே?’ என நான்கு தொடர்கள் தரப்பட்டுள்ளன. இவற்றுள் எதை யாரிடம் சொல்வது? மூன்றாவதாக, மனம் நோகாமல் மறுப்பது எப்படி? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இலக்கணத்தேடல்

வணக்கம் நண்பரே. தமிழரிடமிருந்து இயல்பாக எழக்கூடிய கேள்வி இது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு இடத்தில், அதாவது ‘குஸ்தா’வில்தான் வரும்.

தமிழில் வேண்டுதல், பிடித்தல், தெரிதல், பசித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் நாம் நான்காம் வேற்றுமையைத்தான் பயன்படுத்துகிறோம். எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது. ஸ்பானிய மொழி இந்த உணர்வுகளை இரண்டு கூடைகளாகப் பிரித்துவிடுகிறது. பிடித்தல் நம்மைப் போலவே ‘எனக்கு’ என்ற அமைப்பில் நிற்கிறது. ‘மே குஸ்தா’ என்றால் எனக்குப் பிடிக்கிறது. பிடித்த பொருள்தான் எழுவாய். ஆனால் விரும்புதல், அதாவது ‘கேரேர்’ என்ற வினை, நான் என்ற எழுவாயைக் கொண்டது. கியேரோ என்ற சொல்லின் இறுதியில் உள்ள ‘ஓ’ என்ற விகுதியிலேயே ‘நான்’ அடங்கியிருக்கிறது. எனவே ‘நான் விரும்புகிறேன்’ என்ற அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘எனக்கு’ தானாகவே விலகிவிடும்.

இந்த வினை திரியும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் வேர்ச்சொல்லின் மேல் விழும்போது அதன் உயிர் ‘ஏ’ என்பதிலிருந்து ‘இயே’ ஆகிறது: கியேரோ, கியேரெஸ், கியேரே, கியேரென். அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டால் வேர் மாறுவதில்லை: கேரேமோஸ், கேரேய்ஸ். ஆறு வடிவங்களையும் உருப்போடுவதைவிட, அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காதால் பிடித்துக்கொள்வது நல்லது.

‘மே கியேரோ’ என்பதும் வழக்கில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘மே கியேரோ இர்’ என்றால் ‘நான் போய்விட விரும்புகிறேன்’. அங்கே ‘மே’ என்பது விரும்புதலைச் சேர்ந்ததன்று. போய்விடுதலைக் குறிக்கும் ‘இர்சே’ என்ற வினையைச் சேர்ந்தது, முன்னே நகர்ந்து வந்திருக்கிறது. ஆடுதலுக்கு அப்படி ஒரு ‘மே’ கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘உன்னோடு’ என்பதை விட்டுவிட்டு ‘தே கியேரோ’ என்று நிறுத்தினால், அதன் பொருள் ‘உன்னை நேசிக்கிறேன்’. கேரேர் என்ற வினை ‘தேடு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தேடுதல் விரும்புதலாகி, விரும்புதல் அன்பாகவும் ஆயிற்று. பொருளை முன்வைத்தால் விருப்பம், ஆளை முன்வைத்தால் அன்பு. எனவே ஆட அழைக்கும்போது ஆளை வினையின் செயப்படுபொருளாக்காமல், ‘உன்னோடு’ என்று பொருள்படும் ‘கொன்தீகோ’ என்பதையே பயன்படுத்துங்கள்: ‘கியேரோ பைலார் கொன்தீகோ.’

குறிஞ்சிமலர்

இலக்கணத்தேடல் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இலக்கணப்படி சரியான அந்தக் கடைசி வாக்கியத்தை அறிமுகமில்லாத ஒருவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘நான் உன்னோடு ஆட விரும்புகிறேன்’ என்பது என் விருப்பத்தை அறிவிக்கிறதே தவிர, எதிரில் இருப்பவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் என்ன சொல்ல முடியும்? என் விருப்பத்தை ஏற்கலாம் அல்லது முறிக்கலாம். ‘கியேரெஸ் பைலார்?’ என்று கேட்டாலோ, விருப்பம் யாருடையது என்ற கேள்வி அவர் பக்கம் போய்விடுகிறது. அவருக்கு விருப்பம் உண்டா இல்லையா என்று மட்டும் அவர் சொன்னால் போதும். அழைப்பின் பண்பே இந்த இட மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கொலம்பியாவில் பணி நிமித்தமாக வசித்தபோது காலி நகரத்துச் சல்சாக் கூடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டு தொடங்கும். ஒருவர் நாற்காலிக்கு அருகில் வந்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை நீட்டி, ‘பைலாமோஸ்?’ என்பார். அந்த ஒற்றைச் சொல் போதும். உரத்த இசையில் நீண்ட தொடர்கள் காதில் விழுவதில்லை. நீட்டிய கைதான் வினாக்குறி. அங்கே இந்தச் செயலுக்கு ‘சக்கார் ஆ பைலார்’ என்று பெயர், அதாவது இருக்கையிலிருந்து ஆட அழைத்துக்கொண்டு போவது.

‘பைலாமோஸ்’ என்ற சொல்லைத் தமிழர் எளிதில் விரும்பிவிடுவோம், ஏனென்றால் அது நம் ‘ஆடலாமா?’ என்பதற்கு மிக நெருக்கமானது. வடிவத்தில் அது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் பொதுவான தன்மைப் பன்மை மட்டுமே. நாம், நாங்கள் என்ற வேறுபாடு ஸ்பானிய மொழியில் இல்லாததால், அந்தச் சொல்லை மட்டும் தாளில் பார்த்தால் ‘நாங்கள் ஆடுகிறோம்’ என்றும் படிக்கலாம், ‘ஆடினோம்’ என்றும் படிக்கலாம். கூடத்தில், நீட்டிய கையோடும் ஏறும் குரலோடும் சொல்லப்படும்போது, அது முழுமையாக ‘நாம்’ ஆகிவிடுகிறது.

மறுப்பது குறித்து. ‘அஓரா நோ, கிராசியாஸ்’ என்றால் ‘இப்போது வேண்டாம், நன்றி’. ‘மாஸ் தார்தே’ என்றால் ‘பிறகு’. ‘எஸ்தோய் தெஸ்கன்சாந்தோ’ என்றால் ‘ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறேன்’. இவற்றுள் எதைச் சொன்னாலும் காரணம் கேட்கக்கூடாது. ‘பிறகு’ என்று சொன்னவர் பிறகு உண்மையாகவே வருவாரா என்று அடுத்த பாட்டிலேயே போய் நிற்பதும் முறையன்று. அவருக்கு விருப்பமிருந்தால் அவரே உங்களைப் பார்ப்பார். இசைவதற்கு ‘கிளாரோ’ அல்லது ‘சீ, கொன் மூச்சோ குஸ்தோ’ போதுமானது.

மத்ரித்வாசி

சகோதரி சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ‘கியேரெஸ்’ என்று நேரடியாகக் கேட்பது சற்றுக் கடுமையாக இருக்காதா? ஸ்பெயினில் கடையிலும் உணவகத்திலும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், ‘கியேரோ’ என்பதை ‘கிசியேரா’ என்று மென்மையாக்குவதுதான். ‘கியேரோ உன் கஃபே’ என்பது ‘எனக்கு ஒரு காப்பி வேண்டும்’ என்று மேசையைத் தட்டுவதுபோல் ஒலிக்கலாம் என்று ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். எனவே ‘கிசியேரா பைலார் கொன் உஸ்தேத்’ என்று ‘உஸ்தேத்’ என்ற மரியாதைச் சொல்லோடு கேட்பதுதான் பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். நாமும் முன்பின் தெரியாதவரை ‘நீ’ என்று அழைப்பதில்லையே.

இலக்கணத்தேடல்

நண்பர் தொட்டிருப்பது முக்கியமான இடம், ஆனால் முடிவை நான் ஏற்க முடியவில்லை.

மென்மையாக்கும் வடிவங்கள் பல உண்டு. கிசியேரா என்பது நிகழாத அல்லது கற்பனையான நிலையைக் குறிக்கும் இறந்தகால வடிவம். ‘மே குஸ்தரீயா’ என்பது ‘பிடித்திருக்கும்’ என்ற நிபந்தனை வடிவம். ‘கெரீயா’ என்பது சாதாரணத் தொடர் இறந்தகாலம். கடைக்காரரிடம் ‘கெரீயா உன் கீலோ தே தொமாத்தெஸ்’ என்று கேட்பவர் நேற்றைய விருப்பத்தைப் பேசவில்லை. இன்றைய விருப்பத்தையே சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்துப் பேசுகிறார். தமிழிலும் இதைச் செய்கிறோம். ‘உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று சொல்பவர் எதிரிலேயே நின்றுகொண்டுதான் இறந்தகாலத்தில் பேசுகிறார். காலத்தை விலக்கினால் அழுத்தம் குறைகிறது. இரண்டு மொழிகளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

இந்த மென்மை முழுவதும், ஒரு பொருளையோ உதவியையோ எனக்காகக் கேட்கும்போது தேவைப்படுவது. என் விருப்பம் மற்றவருக்கு வேலை வைக்கிறது என்பதால் அதைத் தணிக்கிறேன். ஆட அழைக்கும்போது நான் கேட்பது அவருடைய விருப்பத்தை. பிறர் விருப்பத்தை விசாரிக்கும் ‘கியேரெஸ்’ கடுமையாக ஒலிப்பதில்லை. ‘காப்பி வேண்டும்’ என்பதற்கும் ‘காப்பி வேண்டுமா?’ என்பதற்கும் தமிழில் எவ்வளவு தொலைவோ, அவ்வளவு தொலைவு அங்கேயும் உண்டு. மேலும், மத்ரித் நகரத்திலேயே சம வயதினர் நடனக் கூடத்தில் ‘தூ’ என்ற ஒருமையில்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே ‘உஸ்தேத்’ என்று தொடங்கினால் மரியாதையைவிட விலகலே தெரியும். மிக மூத்தவரை அழைக்கும்போது ‘கியேரே பைலார்?’ என்று வினை வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும். ‘மே கொன்சேதே எஸ்தே பைலே?’ என்பது ‘இந்த நடனத்தை எனக்கு அருள்வீர்களா?’ என்ற பழைய விருந்து மண்டபத்து மொழி. திருமண விருந்தில் பாட்டியிடம் அன்போடு சொல்லலாம், அன்றாடத்துக்கு ஆகாது.

குறிஞ்சிமலர்

‘உஸ்தேத்’ குறித்து ஒரு திருத்தம் அல்லது சேர்க்கை. அது ஸ்பெயினில் விலகலைக் காட்டலாம். ஆனால் கொலம்பியத் தலைநகர் பொகோத்தாவில் உடன்பிறந்தவர்கள்கூட ஒருவரையொருவர் ‘உஸ்தேத்’ என்று அழைப்பதுண்டு. அங்கே அது நெருக்கத்தின் குறியாகவும் இருக்கும். காலியிலோ ‘வோஸ்’ என்ற மற்றொரு முன்னிலைச் சொல் வழங்குகிறது. தமிழின் நீ, நீங்கள் என்ற அளவுகோலை அப்படியே கொண்டுபோய் வைத்தால், ஊருக்கு ஊர் கணக்குத் தவறும். எந்த ஊரில் ஆடப்போகிறோமோ அந்த ஊரார் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு வாயைத் திறப்பதே நல்லது.

விருப்பத்தைச் சொல்லும் சொல்லும் அப்படித்தான். ஸ்பெயினில் ‘மே அப்பெத்தேசே’, மெக்சிகோவில் ‘சே மே அன்தோஹா’, கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் ‘மே ப்ரொவோகா’. மூன்றும் ‘எனக்குத் தோன்றுகிறது, ஆசையாக இருக்கிறது’ என்ற பொருளுடையவை. இவை மூன்றிலும் நம் ‘எனக்கு’ திரும்பி வந்துவிடுவதை நீலாங்கரை கவனிக்கலாம். எல்லா நாட்டிலும் செல்லுபடியாவது ‘தெங்கோ கானாஸ் தே பைலார்’, அதாவது ‘ஆட ஆசையாக இருக்கிறது’.

மிலோங்கா வாசகன்

இதுவரை நடந்த உரையாடல் சல்சாக் கூடத்துக்குப் பொருந்தும். புவெனோஸ் ஐரெஸ் நகரத்துத் தாங்கோவுக்கு இவற்றுள் எந்தத் தொடரையும் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லவே எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே மரபான கூடங்களில் வாய் திறந்து அழைக்கும் வழக்கமே இல்லை.

தாங்கோ ஆடும் கூடத்துக்கு ‘மிலோங்கா’ என்று பெயர். அங்கே அழைப்பு இரண்டு படிகளில் நடக்கிறது. முதலாவது ‘மிராதா’, அதாவது பார்வை. ஆட விரும்பும் இருவரும் கூடத்தின் இரு பக்கங்களிலிருந்து ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பார்வை நிலைத்தால் இரண்டாவது படியான ‘கபெசேயோ’ வருகிறது: அழைப்பவர் தலையை மிக இலேசாக அசைக்கிறார், அழைக்கப்பட்டவருக்கு விருப்பமிருந்தால் பதிலுக்குத் தலையசைக்கிறார். பிறகுதான் அழைத்தவர் எழுந்து அவருடைய மேசைவரை நடந்து வருகிறார், வரும்வரை பார்வையை எடுக்காமல். அழைக்கப்பட்டவர், அவர் அருகில் வந்து நிற்கும்வரை இருக்கையை விட்டு எழுவதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கான அழைப்பைத் தனக்கானதாக எடுத்துக்கொள்ளும் குழப்பம் இதனால் தவிர்க்கப்படுகிறது.

விருப்பமில்லாதவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியதில்லை. பார்வையை வேறு பக்கம் திருப்பினால் போதும். அழைத்தவர் நடக்கவே தொடங்கவில்லை என்பதால், கூடத்தில் வேறு யாருக்கும் மறுப்பு தெரியாது. குறிஞ்சிமலர் அவர்கள் சொன்ன அதே பண்பு, அதாவது எதிரில் இருப்பவரின் விருப்பத்துக்கு இடம் விடுவது, இங்கே சொல்லே இல்லாத அளவுக்கு நுட்பமாகிவிட்டது என்று நான் கருதுகிறேன். அர்ஜென்டினாவும் உருகுவேயும் இணைந்து முன்மொழிந்த தாங்கோ 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த மரபில் அடிவைப்பும் இசையும் எவ்வளவு முக்கியமோ, இந்த அழைப்பு முறையும் அவ்வளவு முக்கியம்.

சொல் வேண்டிய ஓரிடம் உண்டு. அதில்தான் எச்சரிக்கையும் வேண்டும். பாட்டுகள் ‘தாந்தா’ என்ற தொகுப்புகளாக ஒலிக்கின்றன. தாங்கோ என்றால் பெரும்பாலும் நான்கு, வால்ஸ் என்றால் மூன்று. தொகுப்பு முடிந்ததும் ‘கொர்த்தீனா’, அதாவது திரை, என்ற வேறு வகை இசைத் துணுக்கு ஒலிக்கும். அப்போது எல்லோரும் இருக்கைக்குத் திரும்புவார்கள். ஒருவரோடு ஆடத் தொடங்கினால் தொகுப்பு முழுவதும் ஆடுவது வழக்கம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் நல்லெண்ணத்தோடு ‘கிராசியாஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே இடையில் சொல்லப்படும் நன்றிக்கு ‘உங்களோடு ஆடியது போதும்’ என்று பொருள். நன்றியைத் தொகுப்பின் இறுதிவரை வைத்திருங்கள்.

நண்பர்கள் கூடும் பயிற்சி இடங்களில் வாய்விட்டும் கேட்பார்கள். அப்போது அர்ஜென்டினாவின் ‘வோஸ்’ வடிவம் வரும்: ‘கெரேஸ் பைலார்?’ வேர் இங்கே ‘கியேர்’ ஆகாததற்குக் காரணம் மேலே இலக்கணத்தேடல் சொன்ன அழுத்த விதிதான். அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டது.

ஒலிக்குறிப்பு

அழுத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒலிப்பைக் குறித்தும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ் எழுத்தில் இந்தத் தொடர்களை எழுதும்போது சில ஒலிகள் மறைந்துவிடுகின்றன.

‘பைலார்’ என்பதன் முதல் எழுத்தைப் ‘பணம்’ என்பதில் உள்ளதுபோல் ஒலிக்கக் கூடாது. ‘அன்பு’ என்பதில் வரும் பகரம்போல் ஒலிக்க வேண்டும். கியேரோவில் உள்ள ரகரமும், ‘தே’ என்பதன் தகரமும் தமிழர் நாவுக்குப் பழக்கமானவை. அவற்றில் நமக்குச் சிரமமில்லை.

சிரமம் ‘கொன்தீகோ’வில் இருக்கிறது. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாகவே குழைந்துவிடும். ‘பந்து’ என்பதன் துகரத்தை ஒலித்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் ஸ்பானிய மொழிக்கும் வந்துவிடுவதால், கொன்தீகோவின் தகரத்தை நாம் குழைத்துவிடுகிறோம். அங்கே அது ‘பத்து’ என்பதில் உள்ள தகரத்தைப் போல வன்மையாகவே நிற்க வேண்டும். ‘எவ்வளவு’ எனப் பொருள்படும் குவான்தோவையும் ‘எப்போது’ எனப் பொருள்படும் குவாந்தோவையும் பிரிப்பது இந்த வேறுபாடு மட்டுமே. எனவே ‘கொன்’ என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தி, ‘தீகோ’ என்று வன்மையாகத் தொடங்கிப் பழகுங்கள். பழகிய பின் இடைவெளியை எடுத்துவிடலாம்.

வினா ஒலிக்கும் முறையும் வேறு. தமிழில் ‘ஆ’ என்ற விகுதி இருப்பதால், குரல் தட்டையாக இருந்தாலும் ‘ஆடுகிறாயா’ என்பது வினாதான். ஸ்பானிய மொழியில் அத்தகைய விகுதி இல்லை. ‘பைலாஸ்’ என்பது குரல் தாழ்ந்தால் ‘நீ ஆடுகிறாய்’, உயர்ந்தால் ‘ஆடுகிறாயா’. எழுத்தில் இந்தக் குரலேற்றம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்காகத்தான் ஸ்பானிய அகாதமி 1754இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தில் வாக்கியத்தின் முன்னால் தலைகீழ் வினாக்குறியை இடும் முறையைக் கொண்டுவந்தது. பயிற்சியை எழுதும்போது அதை விட்டுவிடாதீர்கள், நீலாங்கரை.

நீலாங்கரை

இவ்வளவு விரிவாக விளக்கிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உரையாடலைக் கூடத்தில் நடப்பதாக எழுதி முடித்தேன். ‘பைலாமோஸ்?’ என்று ஒருவர் அழைக்க, மற்றவர் ‘அஓரா நோ, கிராசியாஸ்’ என்கிறார். பிறகு அழைத்தவர் தன் நண்பரிடம் நடந்ததைச் சொல்லும் இடத்தில் இரண்டு வாக்கியங்களில் தடுமாற்றம் உள்ளது. ‘அவள் என்னோடு ஆட வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதற்கு ‘கியேரோ பைலார் கொன்மீகோ’ என்பது சரியாகுமா? ‘அவள் ஆட விரும்பவில்லை’ என்பதற்கு ‘நோ கீசோ பைலார்’ என்று எழுதலாமா?

இலக்கணத்தேடல்

முதல் வாக்கியத்தில் விரும்புபவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர். விரும்புபவரே ஆடுபவராக இருந்தால்தான் ‘கியேரோ பைலார்’ என்று வினையெச்சம்போல் தொடுக்கலாம். ஆள் மாறினால் ‘கே’ என்ற இணைப்புச் சொல்லை இட்டு, அடுத்த வினையை விழைவு வடிவத்துக்கு மாற்ற வேண்டும்: ‘கியேரோ கே பைலே கொன்மீகோ.’ அவளிடமே சொல்வதானால் ‘கியேரோ கே பைலெஸ் கொன்மீகோ’ என்று வரும்; ஆனால் அது ‘நீ என்னோடு ஆட வேண்டும்’ என்று வற்புறுத்துவதற்கு அருகில் போய்விடும் என்பதால், நண்பரிடம் சொல்லும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாக்கியம் இலக்கணப்படி சரி. நீங்கள் சொல்ல நினைக்கும் பொருளுக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் ‘நோ கீசோ பைலார்’ என்றால், கேட்டதும் மறுத்துவிட்டாள் என்று பொருள். தொடர் இறந்தகாலத்தில் ‘நோ கெரீயா பைலார்’ என்றால், அந்த நேரத்தில் ஆடும் மனநிலையில் அவள் இல்லை என்று பொருள்; பிறகு ஆடினாளா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. உங்கள் உரையாடலில் அவள் சொன்னது ‘இப்போது வேண்டாம்’ என்பதுதான். ஆகவே நண்பரிடம் ‘நோ கெரீயா பைலார் எந்தோன்செஸ்’ என்று எழுதுங்கள், அதாவது ‘அப்போது அவளுக்கு ஆட விருப்பமில்லை’. அடுத்த காட்சியில் அவளே எழுந்து வருவதாக எழுத விரும்பினாலும் இந்த வாக்கியம் இடம் கொடுக்கும்.